23 இலட்சம் வாக்கும் 400 ரூபாவும்

உயர்தரப் பரீட்சைக்காகப் பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டதும் நிலாவெளிக்குப் போனேன். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, அங்கேதான் இருக்கிறார். 1977 கலவரத்தில் லயத்தை விட்டு ஓடி, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் திருகோணமலைப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பம். மலையை விட்டு இறங்கி நாற்பத்தெட்டு வருடமாகியும் பெரியம்மாவின் பேச்சு மட்டும் இன்னும் தோட்டத்துப் பேச்சுத்தான்.

நவம்பர் மாத நிலாவெளியை விளம்பரப் படங்களில் காட்டமாட்டார்கள். மாரி மழை, கலங்கிய கடல், வெள்ளைக்காரர் இல்லாத விடுதிகள். சீசனில் அங்கே வேலை பார்த்த நம் தோட்டத்துப் பையன்கள் பலர் வீடு திரும்பிவிட்டார்கள். பெரியம்மாவின் மகன் ஓட்டோ ஓட்டுகிறவர். ஓட்டம் இல்லாததால் வீட்டில் இருந்தார். அரசியல் பேச ஆள் கிடைத்த சந்தோசம் அவருக்கு.

“தங்கச்சி, ஒங்க ஜனாதிபதி அடுத்த தடவையும் வருவாரா?”

“எப்பருந்துண்ணே எங்க ஜனாதிபதி ஆனாரு? ஒங்களுக்கும் அவருதானே?”

“ஒங்களுக்குத்தானே 400 ரூபா கூட்டியிருக்காரு. எங்களுக்கு என்னத்தக் கூட்டுனாரு?”

அண்ணன் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை இந்த ஆறு மாதமாக நம் தோட்டங்களிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தேத்தண்ணிக் கடையில், கோயில் வாசலில், சங்கக் கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில். அநுர வருவாரா, போவாரா? குதிரைப் பந்தயம் பார்க்கிறவர்கள் மாதிரி பேசுகிறோம். பந்தயத்தில் நாம் கட்டிய காசு என்ன என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 68 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்தன. நூற்றுக்கு 61 பேருக்கு மேல். பாராளுமன்றத்தில் 225க்கு 159 ஆசனம். நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் 8க்கு 5. இரண்டு மாதத்துக்கு முன்னர் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அதே நுவரெலியாவில் அநுரகுமார திஸாநாயக்க மூன்றாவதாக வந்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணமும் வன்னியும் திருகோணமலையும் அன்று திசைகாட்டிக்குப் போட்டன. நிலாவெளியில் அண்ணனும் போட்டார்.

ஆறு மாதம் கழித்து, 2025 மே 6ஆம் திகதி, உள்ளூராட்சித் தேர்தல். அதே கட்சிக்கு 45 இலட்சம் வாக்கு. நூற்றுக்கு 43. 23 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் ஆறே மாதத்தில் காணாமல் போயின. 260க்கும் அதிகமான சபைகளில் முதலிடம் அவர்களுக்குத்தான். ஆனாலும் பல சபைகளில் தனியாக ஆட்சி அமைக்க ஆள் போதவில்லை. கொழும்பு மாநகர சபையில் 117 ஆசனங்களில் 48தான். வடக்கு கிழக்கில் தமிழ் மக்கள் திரும்பவும் வீட்டுச் சின்னத்துக்கே போனார்கள். அண்ணனும் போனார்.

இதைத் தோல்வி என்று சொல்லலாமா? அரசாங்கத்தில் இருப்பவர்கள் இல்லை என்கிறார்கள், முதலாவதாக வந்தோமே என்கிறார்கள். எதிர்க்கட்சியினர் முடிந்தது கதை என்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 90 புள்ளி எடுத்துவிட்டு அடுத்த தவணையில் 63 எடுத்தால் நான் ‘பாஸ்’ என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருக்க முடியுமா? பெயில் என்றும் எழுத முடியாது. பெற்றோரைக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

என்ன நடந்தது என்பதற்கு எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. போன 23 இலட்சம் வேறு எங்கே போனது? ஐக்கிய மக்கள் சக்திக்கு நவம்பரில் ஏறத்தாழ 19 இலட்சத்து 68 ஆயிரம். மே மாதத்தில் 22 இலட்சத்து 58 ஆயிரம். கூடியது 3 இலட்சம்கூட இல்லை. பொதுஜன பெரமுனவுக்கும் மற்றக் கட்சிகளுக்கும் கொஞ்சம் போனது. வாக்களித்தவர்களின் தொகையே பல இலட்சம் குறைந்தது. ஆகவே கோபித்துக்கொண்டு எதிரி வீட்டுக்குப் போனவர்களைவிட, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் நிறையப் பேர் என்பது என் கணிப்பு. நம் தோட்டத்தில் அன்று வாக்களிக்கப் போகாதவர்களிடம் பிறகு கேட்டேன். ஒரு அக்கா சொன்னார்: “மழையில நனஞ்சு போய் யாருக்குப் போடறது டீச்சர்? சொன்ன 1,700 வரட்டும், அப்பப் போறேன்.”

அந்த 1,700 எது என்று எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரி வரவு செலவுத் திட்ட உரையில் ஜனாதிபதியே சொன்னது. மே மாதத்தில் அது பேச்சாகத்தான் இருந்தது. சம்பளத் துண்டில் 1,350தான்.

நடுவழியில் நடக்கும் தேர்தலில் அடி வாங்குவது உலகத்தில் புதிதல்ல. அமெரிக்காவில் ஜனாதிபதியின் நான்கு வருடத்துக்கு நடுவில் காங்கிரஸ் தேர்தல் ஒன்று வரும். பெரும்பாலும் ஜனாதிபதியின் கட்சிதான் அதில் அடி வாங்கும். 1994இல் கிளின்டன் இரண்டு சபைகளையும் இழந்தார். 1996இல் திரும்பவும் வென்றார். 2010இல் ஒபாமா கீழ்ச்சபையை இழந்தார், 2012இல் வென்றார். 2018இல் டிரம்பும் கீழ்ச்சபையை இழந்தார். அவர் 2020இல் தோற்றார். ஆகவே அடி வாங்கினார் என்பதை வைத்து மட்டும் ஒருவருடைய சாதகம் எழுத முடியாது. அடி வாங்கிய பிறகு என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் அப்படிப் பார்ப்பதற்கு வேண்டிய அளவு உதாரணம் இருக்கிறது. எல்லாவற்றிலும் நாமும் இருந்திருக்கிறோம்.

2014 செப்ரெம்பர் 20ஆம் திகதி ஊவா மாகாண சபைத் தேர்தல். 2009இல் நூற்றுக்கு 72 எடுத்த மகிந்த ராஜபக்ஷவின் கூட்டணி 51க்கு இறங்கியது. வென்றார்கள், ஆனால் சறுக்கிய வெற்றி. அதிலிருந்து 39ஆம் நாள் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லியிருந்தும் அந்த மக்களுக்கு மாற்று இடம் கிடைத்திருக்கவில்லை. ஊவாவில் விழுந்த அடியைப் பார்த்து மகிந்த செய்தது, இன்னும் இறங்குவதற்குள் முந்திக்கொள்வோம் என்று இரண்டு வருடம் முன்கூட்டியே ஜனாதிபதித் தேர்தலை வைத்தது. 2015 ஜனவரி 8ஆம் திகதி தோற்றார். மக்கள் ஏன் விலகினார்கள் என்று கேட்காமல், முழுதாக விலகுவதற்குள் வாக்கை வாங்கிவிடப் பார்த்தார்.

அவரைத் தோற்கடித்து வந்த மைத்திரிபால சிறிசேனவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் நம் சம்பளமும் சிக்கிச் செத்தது.

2015இல் 62 இலட்சம் வாக்குகளால் வந்தவர். நம் மலையகம் அள்ளிக் கொடுத்தது. 2018 பெப்ரவரி 10ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் அவருடைய ஆட்கள் வெற்றிலையிலும் கையிலும் கேட்டார்கள். இரண்டையும் கூட்டினாலும் 15 இலட்சம் வரவில்லை. மகிந்தவின் மொட்டு 49 இலட்சம் எடுத்தது. ரணிலின் யானை 36 இலட்சம். பதவியில் இருக்கும் ஒரு ஜனாதிபதி மூன்றாம் இடத்துக்குப் போனார்.

அந்த வருடம் முழுவதும் நமக்குக் கெட்டதாகவே இருக்கவில்லை. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது அந்த வருடத்தில்தான். அதுவரை பிரதேச சபைக் காசில் தோட்டத்துக்குள் ஒரு பாதை போடுவதற்கும் சட்டம் இடம் தரவில்லை. வாக்கு மட்டும் போடலாம். மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகார சபைச் சட்டமும் அதே வருடம் வந்தது. இரண்டும் பாராளுமன்றத்தில் பேசி, வாதாடி வாங்கியவை. ஜனாதிபதியின் புண்ணியம் அல்ல.

பிறகு ஒக்டோபர். கூட்டு ஒப்பந்தம் முடிந்து, 1,000 ரூபா அடிப்படைச் சம்பளம் கேட்டுத் தோட்டமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. 24ஆம் திகதி போயா நாள். எந்தக் கட்சியும் கூப்பிடாமல், கைப்பேசியில் செய்தி பரவி, கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் காலிமுகத்திடலுக்குப் போனார்கள். நானும் போனேன். கடைகளில் வேலை பார்க்கிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், படிக்கிற பிள்ளைகள். எல்லோரும் லயத்தில் பிறந்தவர்கள், எல்லோருடைய அம்மாவும் கூடை சுமந்தவர். கொழும்பு முதல் தடவையாக நம்மைத் திரும்பிப் பார்த்தது என்று நினைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் திரும்பினேன்.

இரண்டே நாள். 26ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு, மகிந்த பிரதமராகச் சத்தியப்பிரமாணம் செய்தார் என்று செய்தி வந்தது. பெப்ரவரியில் மக்கள் ஏன் கைவிட்டார்கள் என்று யோசிக்காமல், யாரைத் தோற்கடிக்க நாம் வாக்குப் போட்டோமோ அவரையே கூட்டிக்கொண்டு வந்து தன் நாற்காலியைக் காப்பாற்றப் பார்த்தார் மைத்திரி. அடுத்த ஏழு வாரம் நாட்டில் அரசாங்கம் எது என்றே தெரியவில்லை. நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது.

அந்த ஏழு வாரமும் 1,000 ரூபாவை யார் பேசினார்கள்? மலையகத் தலைவர்களும் இரண்டு பக்கமாக நின்றார்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அந்தப் பக்கம், தமிழ் முற்போக்குக் கூட்டணி இந்தப் பக்கம். ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் விலை என்ன என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு கிலோ கொழுந்தின் விலையை யார் கேட்பார்? 2019 ஜனவரி கடைசியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700. அதுவரை இருந்த வரவுக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் எடுக்கப்பட்டன. முன்பு எல்லாம் சேர்த்து 730 வாங்கியவர் இப்போது 750 வாங்கினார். சண்டை போட்டு வாங்கியது இருபது ரூபா.

பொறுங்கள், இன்னும் ஒன்று இருக்கிறது. கோபத்தை அடக்க, அரசாங்கம் தன் பக்கத்திலிருந்து நாளொன்றுக்கு 50 ரூபா தருவதாகச் சொன்னது. அமைச்சரவையிலும் பேசினார்கள், பத்திரிகையிலும் வந்தது. நம் கைக்கு வந்து சேரவில்லை. இந்த 50 ரூபாவை மறக்காமல் வைத்திருங்கள், கீழே தேவைப்படும்.

மைத்திரி 2019 ஜனாதிபதித் தேர்தலில் நிற்கவே இல்லை. நிற்கும் நிலையில் இல்லை.

ரணில் விக்ரமசிங்க இன்னொரு வழி கண்டுபிடித்தார். தோற்றுவிடுவோம் என்று தெரிந்தால் தேர்தலை வைக்காமல் விட்டால் என்ன? 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் காசு இல்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொன்னது. அதே வருடம் மே தினத்தன்று கொட்டகலை மேடையில் நமக்கு 1,700 அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்ரெம்பரில் வந்தது 1,350. அதே மாதம் அவரும் மூன்றாம் இடத்துக்குப் போனார்.

இந்தக் கதைகளைச் சொன்னபோது பெரியம்மா குறுக்கே வந்தார். “அவங்க தோத்தா நமக்கென்ன பாப்பா, செயிச்சா நமக்கென்ன? எனக்கு ஓட்டுங்கிறதே கெழவியாகப் போறப்பத்தானே கெடச்சுது.” 2003 சட்டம் வரும்வரை பெரியம்மா இந்த நாட்டின் பிரஜை இல்லை. 1948இல் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க இந்த நாட்டுக்கு ஐம்பத்தைந்து வருடம் எடுத்தது. ஆனால் அதே பெரியம்மா மே மாதம் முழங்கால் வலியோடு போய் வரிசையில் நின்று வாக்குப் போட்டிருக்கிறார். யாருக்கு என்று கேட்டேன். “அது எனக்கும் பொட்டிக்கும்தான் தெரியும்” என்றார்.

இனி அநுரவுக்கு வருவோம்.

தேர்தலுக்கு முன்பு ஏப்ரலில் மன்னாரில் அவர் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. தங்கள் கட்சியின் கையில் இருக்கும் சபைக்குத் தயங்காமல் நிதி விடுவோம், மற்றவர்களின் சபையென்றால் பத்துத் தடவை பார்ப்போம் என்ற அர்த்தத்தில் பேசினார். நமக்கு இந்தப் பேச்சு பழக்கமானது. ‘எங்கள் சங்கத்தில் இருந்தால் தகரம், இல்லையென்றால் ஒழுகட்டும்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஊழலை ஒழிக்க வந்தவர் அந்தப் பாசையைப் பேசியதற்கும் மே மாதம் மக்கள் பதில் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்குள் வருகிறது. அண்ணன் சொன்ன காரணமும் இதுதான்: “பயங்காட்டி ஓட்டுக் கேக்குறவங்க ஏற்கனவே நிறையப் பேரு இருக்காங்க தங்கச்சி. இவரும் எதுக்கு?”

ஆனால் அடி வாங்கிய பிறகு அவர் மகிந்த மாதிரி அவசரப்படவில்லை, மைத்திரி மாதிரி சதி செய்யவில்லை. அதை மறைக்கக் கூடாது. நவம்பர் 7ஆம் திகதி வரவு செலவுத் திட்டத்தில், ஜனவரியிலிருந்து அடிப்படை நாட்சம்பளத்தை 1,350இலிருந்து 1,550 ஆக்குவோம், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 தரும், மொத்தம் 1,750 என்றார். 500 கோடி ரூபா ஒதுக்கியிருக்கிறார். பெப்ரவரியில் 1,700 என்று வாயால் சொன்னவர் நவம்பரில் கணக்குப் புத்தகத்தில் எழுதினார். இடையில் நடந்தது மே மாதத் தேர்தல். அதனால்தான் எழுதினார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஆறு மாதத்துக்கு முன் அந்த அக்கா மழையைச் சாட்டி வீட்டில் இருந்ததும் இந்தக் கணக்கில் ஒரு வரி என்றே நான் நம்புகிறேன்.

நம் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பற்றி இரண்டு குரல் எழுந்தது. நன்றி சொல்லிப் போஸ்டர் ஒட்டுவோம் என்றார் ஒரு தோழர். இதெல்லாம் நாடகம், மாகாண சபைத் தேர்தலுக்கு வலை வீசுகிறார் என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள், இரண்டு பேரும் சொல்வது தவறு என்று அங்கேயும் சொன்னேன். கூலிக்கு நன்றி சொல்வது நம்முடைய பழைய வியாதி. பெரிய துரை தீபாவளிக்கு முற்பணம் கொடுத்தால் மாலை போட்டவர்கள் நாம், பிறகு அது மாதாமாதம் சம்பளத்தில் பிடிபடும். வலை என்று சொல்லிக் கையை உதறுவதும் புத்தியில்லை. ஓட்டுக்குப் பயந்து கொடுத்தாலும் 400 ரூபா 400 ரூபாதான். கேட்க வேண்டியது, அது முழுதாக 400 ரூபாவாக வந்து சேருமா என்பதை.

வரவு செலவுத் திட்டத்துக்கு அடுத்த நாள் சனிக்கிழமை மாலை வகுப்பில் கரும்பலகையில் இதைக் கணக்காகக் கொடுத்தேன். 25 நாளுக்கு 1,350 என்றால் 33,750. 25 நாளுக்கு 1,750 என்றால் 43,750. பத்தாயிரம் கூட என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். பின் வரிசையில் ஒரு சிறுமி கை தூக்கிக் கேட்டாள்: “டீச்சர், எங்கம்மாவுக்கு அரைப்பேரு போட்டா எவ்வளவு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. 1,550இல் பாதி 775. அரசாங்கத்தின் 200? வேலைக்கு வந்தாள், மலையில் நின்றாள், அட்டைக் கடி வாங்கினாள், கொழுந்து இல்லாததால் கிலோ குறைந்தது. அவள் வேலைக்கு ‘வந்தவளா’ இல்லையா? 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 வந்தபோது என்ன நடந்தது என்று மறந்துவிட்டோமா? பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள், கைக்காசு என்று ஆளை வெளியே தள்ளினார்கள். நாட்சம்பளம் கூடியது, மாதச் சம்பளம் அப்படியே நின்றது. 1,550 என்று வர்த்தமானி வந்ததும் இதே வேலையைக் கம்பனிகள் திரும்பவும் செய்யாது என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அந்த 200க்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுவார்களா? அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தால் கம்பனி நூற்றுக்கு 12 கட்ட வேண்டும். சேராவிட்டால் ஓய்வு பெறும் நாளில் அந்தக் காசு இல்லை. முப்பது வருடம் கொழுந்து பறித்தவருக்கு அது சின்னத் தொகை அல்ல. மாதத்தில் இத்தனை நாள் வந்தால்தான் என்று நிபந்தனை போடுவார்களா? 2016 ஒப்பந்தத்தில் வரவுக் கொடுப்பனவு 60 ரூபா இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சில நாள் நின்றவர்கள் மாதம் முழுவதற்கும் அதை இழந்தார்கள். இந்த 200 எந்த வழியில் வரும், கம்பனியின் கையால் வருமா, நேரே வங்கிக் கணக்குக்கு வருமா? 2019இல் அரசாங்கம் தருவதாகச் சொன்ன 50 ரூபாவை நினைவில் வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த வாக்குறுதி கொடுத்த அரசாங்கமும் தேர்தலில் அடி வாங்கிய அரசாங்கம்தான்.

நான் இதை எழுதும் இந்த வாரம் திருகோணமலை நகரம் அமைதியாக இல்லை. கடற்கரையில் ஞாயிறு இரவு பொலிஸார் அகற்றிய புத்தர் சிலை மறுநாள் திரும்ப வைக்கப்பட்டது. சிலையைப் பற்றிப் பேச நான் ஆள் இல்லை. ஒரு நாளைக்குள் அரசாங்கம் மாறிய வேகத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். தெற்கில் வாக்குக் குறைந்த ஜனாதிபதி, தெற்கில் சத்தம் போடுகிறவர்களுக்கு முதலில் செவி சாய்க்கிறார். அண்ணன் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “போன வருசம் நாங்க போட்ட ஓட்டுக்கு ஒரு நாள்கூட ஆயுசு இல்ல பாத்தியா.” அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. நமக்குக் கூட்டிய 400 ரூபாவைப் பார்த்து அவர் ‘ஒங்க ஜனாதிபதி’ என்று பிரித்துப் பேசியதும் விளங்குகிறது. ஒரு குடும்பத்தையே கடலுக்கும் மலைக்கும் பங்கு போட்டுப் பேச வைத்துவிட்டது இந்த அரசியல்.

சரி, அண்ணன் கேட்ட கேள்விக்கு என் பதில். அநுர முடிந்துபோனவர் அல்ல. 2029 வரை பதவிக்காலம் இருக்கிறது, மூன்றில் இரண்டு பங்கு ஆசனம் இருக்கிறது. கட்சி மைத்திரியின் கட்சி மாதிரி இரண்டாக உடைந்து கிடக்கவில்லை. மே மாதம் அடி வாங்கியபோதும் அடுத்து வந்தவரைப்போல இரண்டு மடங்கு எடுத்தார். எதிரே இருப்பவர்களை மக்கள் இன்னும் நம்பவில்லை. போனவர்கள் வீட்டில்தானே இருக்கிறார்கள், கூப்பிட்டால் வரக்கூடியவர்கள். ஆனால் வெறும் கையோடு கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

அவரை நான் அளக்கும் இடம் ஒன்று சம்பளம். மற்றது மாகாண சபை. இங்கே கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்தது. நம் மத்திய மாகாண சபை 2018இல், ஊவா 2019இல். அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி. நம் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் இருக்கின்றன. ஒரு கணித ஆசிரியர் வேண்டும், ஒரு மலசலகூடம் வேண்டும் என்று கேட்க நமக்கு மாகாணத்தில் தெரிவு செய்யப்பட்ட ஓர் ஆள்கூட இல்லாமல் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் முதலாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். எல்லை நிர்ணயம், சட்டச் சிக்கல் என்று காரணம் சொல்கிறார்கள். மூன்றில் இரண்டு வைத்திருப்பவருக்குச் சட்டச் சிக்கல் எவ்வளவு பெரிய சிக்கல்? மே மாதம் மாதிரி இன்னொரு அடி விழும் என்ற பயத்தில் அந்தத் தேர்தலைத் தள்ளினால் அவர் ரணிலின் பாதையில் கால் வைத்துவிட்டார் என்று எழுத நான் தயங்கமாட்டேன்.

2023 ஒக்டோபரில் ஹட்டனில் அவர்கள் வெளியிட்ட பிரகடனத்தில் காணி, வீடு, சம்பளம், மொழி எல்லாம் இருந்தன. போன மாதம் பண்டாரவளைக்கு வந்து ஜனாதிபதி வீட்டுரிமைப் பத்திரம் கொடுத்தார். வாங்கியவர்களின் முகத்தில் இருந்த சந்தோசத்தைக் குறை சொல்லமாட்டேன். பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், லயத்துச் சுவரில்.

தோழர்களே, சங்கம் இப்போது செய்யும் வேலையைச் சொல்லி முடிக்கிறேன். அரைப்பேர் நாளுக்கும் 200 உண்டா, சேமலாப நிதி உண்டா, கிலோவைக் கூட்டமாட்டோம் என்று எழுத்தில் தருவார்களா என்ற மூன்று கேள்வியையும் கடிதமாக எழுதித் தொழில் அமைச்சுக்கும் பெருந்தோட்ட அமைச்சுக்கும் அனுப்பப்போகிறோம். அதில் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் கையெழுத்து வேண்டும். கமிட்டித் தலைவர்கள் டிசம்பர் சம்பள நாளுக்குள் எடுத்துத் தாருங்கள். பெண்கள் கையெழுத்து முதலில்.

ஜனவரி மாதச் சம்பளம் பெப்ரவரி 10ஆம் திகதிக்குள் கைக்கு வரும். அந்தச் சம்பளத் துண்டை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். அடிப்படை 1,550 என்று தனியாகவும் அரசாங்கத்தின் 200 தனியாகவும் போட்டிருக்கிறதா, எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர், கிலோ எவ்வளவு என்று பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள், அவர்களுக்குத் தெரியும், சொல்லிக் கொடுத்திருக்கிறேன். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சங்கத்துக்கு அனுப்புங்கள். நிலாவெளியில் அண்ணனும் ஒன்று கேட்டிருக்கிறார், அவருக்கும் அனுப்ப வேண்டும்.